கூட்டம் உண்மையிலேயே பீதியடைகிறதா? குவாரன்டெல்லியின் பேரிடர் ஆய்வுகள் பற்றி ஓர் இழை

நெய்தல்வாசி (இழையைத் தொடங்கியவர்)

தீப்பிடித்தால் மனிதன் மிருகமாகிவிடுவான், பக்கத்தில் நிற்பவனை மிதித்துக்கொண்டு ஓடுவான் என்று நம்பித்தான் நாமெல்லாம் வளர்ந்திருக்கிறோம். யாராவது நேரில் போய் இதைச் சரிபார்த்தார்களா என்று தேடினால் முதலில் வந்து நிற்கும் பெயர் என்ரிக்கோ குவாரன்டெல்லி. அமெரிக்கச் சமூகவியலாளர், 1924இல் பிறந்து 2017இல் மறைந்தவர். தமிழில் இவரைப் பற்றி அதிகம் கண்ணில் படவில்லை. அதனால்தான் இந்த இழை.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோதே, பேரிடர் நடந்த ஊர்களுக்குப் போய் உயிர் தப்பியவர்களிடம் பேசிவரும் குழுவில் சேர்ந்துவிட்டார். அது பனிப்போர் காலம். குண்டு விழுந்தால் மக்கள் கட்டுக்கடங்காமல் போய்விடுவார்களோ என்ற கவலை அமெரிக்க அரசுக்கு இருந்தது. அந்தக் கவலைதான் ஆய்வுக்குப் பணமும் கொடுத்தது. அவர் முதுகலைப் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட தலைப்பே பீதிதான். ஆனால் தேடித் தேடிப் பார்த்தும் உருப்படியான உதாரணங்கள் சொற்பமாகத்தான் கிடைத்தன. தேடியது கிடைக்கவில்லை என்பதையே ஒரு கண்டுபிடிப்பாக எடுத்துக்கொண்டு அடுத்த அறுபது ஆண்டுகள் உழைத்தார் என்பதுதான் எனக்கு அவர்மேல் மரியாதை வரக் காரணம்.

1963இல் ரஸ்ஸல் டைன்ஸ், யூஜீன் ஹாஸ் இருவரோடும் சேர்ந்து ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேரிடர் ஆய்வு மையத்தைத் தொடங்கினார். 1985இல் அது டெலவேர் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. மையம் தொடங்கிய மறு ஆண்டே, 1964 மார்ச் 27இல், அலாஸ்காவை 9.2 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. ஆய்வாளர்கள் உடனே ஆங்கரேஜ் நகருக்குப் போனார்கள். இடிபாடுகளில் தேடிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் சாதாரண ஊர்க்காரர்கள். யாரும் உத்தரவு போடவில்லை. கையில் கிடைத்ததை வைத்து வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேரிடர்களிலும் இதே காட்சியைத்தான் பார்த்தார்கள்.

பீதியே கிடையாது என்று அவர் சொல்லவில்லை, இதைக் கவனிக்க வேண்டும். எப்போது வரும் என்று வரையறுத்தார். தப்பிக்க வழி இருக்கிறது, ஆனால் அது மூடிக்கொண்டே வருகிறது என்ற எண்ணம் வேண்டும். தன்னால் எதுவும் செய்ய முடியாது என்ற உணர்வு வேண்டும். தனியாக மாட்டிக்கொண்டோம், துணைக்கு யாரும் இல்லை என்ற உணர்வும் வேண்டும். இந்த மூன்றும் ஒன்றாகச் சேர வேண்டும். வழியே இல்லாத இடத்தில், மூழ்கிய நீர்மூழ்கிக் கப்பலிலோ இடிந்த சுரங்கத்திலோ, பீதியோட்டம் நடப்பதில்லை. ஓடுவதற்கு ஏதாவது ஒரு பக்கம் இருந்தால்தானே ஓட முடியும்?

மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

வெயிலான்

நல்ல பதிவு. ஆனால் எனக்கு ஒப்பவில்லை. விழாக் கூட்டங்களிலும் விளையாட்டு மைதானங்களிலும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து நூற்றுக்கணக்கில் சாகிறார்களே, அது பீதி இல்லாமல் வேறென்ன? ஆய்வாளர் அறையில் உட்கார்ந்து மக்கள் நல்லவர்கள் என்று எழுதிவிடலாம். கீழே விழுந்தவனுக்குத்தான் தெரியும்.

---

தணல்

வெயிலான் சார், அலுவலகக் கட்டடங்களில் தீப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் தொழில். உங்கள் கேள்வியைப் பயிற்சிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரு சதுர மீட்டரில் இரண்டு மூன்று பேர் நின்றால் அவரவர் விருப்பப்படி நடக்கலாம். ஆறு ஏழு பேர் ஆகிவிட்டால் நடப்பது உங்கள் கையில் இல்லை. உடம்போடு உடம்பு ஒட்டிவிடும். பின்னால் யாரோ ஒருவர் தடுமாறினால்கூட அந்த விசை அலையாகப் பரவி முன்னால் நிற்பவரைத் தூக்கி நகர்த்தும். கூட்ட விபத்துகளை ஆராய்ந்த பொறியாளர் ஜான் ஃப்ரூயின், வளைந்துபோன இரும்புத் தடுப்புகளைக் கணக்கிட்டு, அவற்றின் மேல் 4,500 நியூட்டனுக்கு மேல் விசை விழுந்திருக்கிறது என்றார். அந்த இடத்தில் பெரும்பாலோர் சாவது மிதிபட்டு அல்ல, நின்ற நிலையிலேயே நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சுத்திணறித்தான். இதற்குப் பீதி தேவையே இல்லை. எல்லோரும் பொறுமையாக நின்றாலும் நடக்கும்.

1979 டிசம்பர் 3, அமெரிக்காவின் சின்சினாட்டி. ஒரு ராக் இசை நிகழ்ச்சிக்கு வெளியே காத்திருந்த கூட்டத்தில் 11 பேர் இறந்தார்கள். ரசிகர்கள் காட்டுமிராண்டிகள் என்று பத்திரிகைகள் எழுதின. நாரிஸ் ஜான்சன் என்ற சமூகவியலாளர் அங்கிருந்தவர்களின் வாக்குமூலங்களை எடுத்துப் படித்தார். திறந்திருந்த கதவுகள் சில. இருக்கை எண் கிடையாது, முந்தினவருக்கே முன்வரிசை. பின்னால் நின்றவர்களுக்கு முன்னால் ஆட்கள் விழுந்திருப்பதே தெரியவில்லை. தெரிந்தவர்கள் விழுந்தவர்களைத் தூக்கிவிடப் பார்த்தார்கள், முடியவில்லை. முன்பின் தெரியாதவரைத் தாங்கிப் பிடித்தவர்கள் பலர்.

1989 ஏப்ரல் 15, இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானம். கூட்ட நெரிசலில் 97 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் அன்று பட்ட காயத்தால் 2021இல். ரசிகர்கள்மேல்தான் முதலில் பழி போட்டார்கள். ரசிகர்களின் நடத்தை காரணமல்ல, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று விசாரணை மன்றம் முடிவு சொல்ல 2016 வரை ஆனது. அந்தக் குடும்பங்கள் 27 ஆண்டுகள் காத்திருந்தன. பீதி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வாசலை யார் திறந்தார்கள், எத்தனை பேரை உள்ளே விட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் ஆத்திரம்.

---

வெயிலான்

விசை அலை பற்றிச் சொன்னது புரிகிறது. கூட்டம் அடர்ந்த பிறகு தனிமனிதர் கையில் எதுவும் இல்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் தீ விஷயம் வேறு. தீயில் உயிர் பயம் கண்ணுக்கு நேரே நிற்கிறது.

---

தணல்

தீயில் எனக்குத் தலைவலி இதற்கு நேர் எதிர். ஜனங்கள் ஓடுவதில்லை சார், உட்கார்ந்தே இருக்கிறார்கள்! அலாரம் அடித்தால் முதலில் பக்கத்து மேசையைப் பார்ப்பார்கள். அவரும் இவரைப் பார்ப்பார். டிரில்லாக இருக்கும் என்று யாராவது சொல்வார்கள். ஒருவர் கோப்பைச் சேமிப்பார், இன்னொருவர் போன் சார்ஜரைத் தேடுவார், மூன்றாமவர் பை எடுக்கப் போவார். நான் வாசலில் கடிகாரத்தோடு நின்று பார்த்தவன்.

1968இல் லட்டானே, டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த சோதனை இதை நன்றாகக் காட்டும். படிவம் நிரப்பச் சொல்லி ஆளை அறையில் உட்காரவைத்து, சுவரிலுள்ள துவாரம் வழியாகப் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 விழுக்காட்டினர் எழுந்து வந்து சொன்னார்கள். எதுவும் நடக்காத மாதிரி எழுதிக்கொண்டிருக்கச் சொல்லி வைத்த இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்தவர்களில் சொன்னது பத்துக்கு ஒருவர்தான். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, புகையைக் கையால் விலக்கிக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தில் நடந்ததும் அதே கதைதான். கணினியை அணைத்தார்கள், வீட்டுக்குப் போன் செய்தார்கள், பொருட்களை எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகுதான் படிக்கட்டு. ஆனால் படிக்கட்டில் ஒழுங்காக இறங்கினார்கள், காயம்பட்டவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள். விமானம் மோதிய தளங்களுக்குக் கீழே இருந்தவர்களில் சுமார் 99 விழுக்காட்டினர் பிழைத்தார்கள்.

---

எண்ணும்எழுத்தும்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்கு ஆய்வு முறையில் ஒரு சந்தேகம். பேட்டி கொடுப்பவர்கள் எல்லோரும் பிழைத்தவர்கள். மிதிபட்டுச் செத்தவர் பேட்டி கொடுக்க மாட்டார். மிதித்துவிட்டு வந்தவரும் ஒப்புக்கொள்ள மாட்டார். அப்படியிருக்க, எல்லோரும் உதவினார்கள் என்ற முடிவை எப்படி நம்புவது? குவாரன்டெல்லி மேல் எனக்கும் மதிப்பு உண்டு, ஆனால் இந்த ஓட்டையை அடைக்காமல் மேலே போகக் கூடாது.

---

நெய்தல்வாசி

கேட்க வேண்டிய கேள்விதான். பேட்டியை மட்டும் நம்பினால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் வேறு சான்றுகளும் உண்டு.

1977 மே 28, அமெரிக்காவின் கென்டக்கியில் பெவர்லி ஹில்ஸ் என்ற பெரிய இரவு விருந்து விடுதி எரிந்து 165 பேர் இறந்தார்கள். அங்கே கேபரே அறை ஒன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நகைச்சுவை நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசை துடைக்கும் வேலையில் இருந்த 18 வயதுப் பையன் மேடையேறி மைக்கைப் பிடித்து, தீப்பிடித்திருக்கிறது, வெளியே போங்கள் என்று சொல்லி வாசல்களைக் கை காட்டினான். சிலர் எழுந்தார்கள். இதுவும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்து உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு. இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்த அறையில் இருந்தவர்கள்.

இந்தத் தீயையும் ஜான்சனும் அவரோடு வேலை செய்தவர்களும் விரிவாக ஆராய்ந்தார்கள். யார் யாரோடு வந்தார்கள், யார் இறந்தார்கள் என்று பொருத்திப் பார்த்தபோது, சேர்ந்து வந்தவர்கள் பெரும்பாலும் சேர்ந்தே வெளியேறியிருந்தார்கள், இல்லாவிட்டால் சேர்ந்தே இறந்திருந்தார்கள். தன் ஆட்களை விட்டுவிட்டு ஓடியவர் அபூர்வம். இறந்தவர்களும் இந்தக் கணக்கில் சாட்சி சொல்கிறார்கள்.

அதில் என்னை உலுக்கிய விஷயம் பரிமாறும் பெண்களைப் பற்றியது. அவரவருக்கு ஒதுக்கிய மேசைகளில் இருந்தவர்களை அவரவர் பொறுப்பாக எடுத்துக்கொண்டு வெளியே கூட்டிப் போனார்கள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஐந்து நிமிடத்துக்கு முன்புவரை கோப்பை வைத்துக்கொண்டிருந்த மேசை, அதனால் அது தன் மேசை. வேலையில் இருந்த பொறுப்பு தீயிலும் அறுந்துபோகவில்லை.

---

தணல்

காணொளிச் சான்றும் இருக்கிறது. 2003 பிப்ரவரி 20, அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் என்ற இரவு விடுதியில் தீ. தற்செயலாக ஒரு தொலைக்காட்சிக் கேமராக்காரர் உள்ளே இருந்தார். முதலில் ஜனங்கள் திரும்பி நடக்கிறார்கள், ஓடவில்லை. இரண்டு நிமிடத்துக்குள் முன்வாசலில் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அடைபட்டுவிடுகிறது. 100 பேர் இறந்தார்கள். வேறு வழிகளும் அங்கே இருந்தன. பெரும்பாலோர் தாங்கள் உள்ளே வந்த வாசலையே தேடிப் போனார்கள். தெரிந்த வழியில்தான் கால் போகும்.

---

எண்ணும்எழுத்தும்

மேசைக் கணக்கும் குழுக் கணக்கும் நல்ல பதில். நன்றி. ஆனால் ஒன்று: சேர்ந்தே இறந்தார்கள் என்றால் அந்தப் பாசமே ஆபத்தாகவும் ஆகிறதே?

---

நெய்தல்வாசி

ஆமாம், ஆகிறது. அதை மறைக்கக் கூடாது. பிரிட்டனில் ஜோனதன் சைம் என்ற உளவியலாளர் இதைத்தான் நுணுகிப் பார்த்தார். 1973 ஆகஸ்ட் 2 அன்று ஐல் ஆஃப் மேன் தீவில் சம்மர்லேண்ட் என்ற பொழுதுபோக்குக் கட்டடம் எரிந்து 50 பேர் இறந்தார்கள். பிள்ளைகள் ஒரு தளத்தில் விளையாடிக்கொண்டிருக்க, பெற்றோர் வேறு தளத்தில் இருந்தார்கள். தீ என்றதும் பெற்றோர் பக்கத்து வாசலுக்குப் போகவில்லை. கூட்டத்தை எதிர்த்துக்கொண்டு பிள்ளைகளைத் தேடிப் போனார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது கண்மண் தெரியாத ஓட்டம். அந்தத் தாய்க்கு எங்கே போகிறோம் என்று மிகத் தெளிவாகத் தெரியும்.

மனிதன் ஆபத்தை விட்டு ஓடுவதை விட, தன் மனிதர்களை நோக்கியும் தெரிந்த இடத்தை நோக்கியும்தான் முதலில் போகிறான் என்பது சைமின் முடிவு. பக்கத்து வாசலுக்குத்தான் ஆள் போவான் என்று எண்ணிக் கட்டடம் வரைகிற எல்லோரும் இதைப் படிக்க வேண்டும்.

---

அலைமகள்

எல்லோரும் நல்லவர்களாகவே இருந்துவிட்டால் பேரிடருக்குப் பிறகு கொள்ளை எப்படி நடக்கிறது? 2005 கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸில் என்ன நடந்தது என்று உலகமே பார்த்தது.

---

நெய்தல்வாசி

உலகம் பார்த்ததில் பாதி வதந்தி, தோழி. மக்கள் தஞ்சம் புகுந்திருந்த சூப்பர்டோம் அரங்கில் வரிசையாகக் கொலை நடப்பதாகச் செய்தி ஓடியது. தண்ணீர் வடிந்த பிறகு தேடியதில் அப்படி எதுவும் உறுதியாகவில்லை. ஆனால் அந்தச் செய்தியை நம்பி எடுத்த முடிவுகள் நிஜம். ஆகஸ்ட் 31 அன்று, மக்கள் இன்னும் கூரைமேல் காத்துக்கொண்டிருந்தபோதே, சுமார் 1,500 காவலர்களை மீட்பு வேலையிலிருந்து எடுத்துக் கொள்ளையைத் தடுக்க அனுப்பினார் மேயர். செப்டம்பர் 4 அன்று டான்சிகர் பாலத்தில் ஆயுதமில்லாத பொதுமக்களைக் காவலர்கள் சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள்.

2008இல் லீ கிளார்க், கேரன் செஸ் என்ற இருவர், பொதுமக்களின் பீதியை விடப் பதவியில் இருப்பவர்களின் பீதிதான் பார்க்க வேண்டியது என்று எழுதினார்கள். மக்கள் பயந்துவிடுவார்களோ என்று இவர்கள் பயந்து, தகவலை அடக்கிவைப்பார்கள். தகவல் இல்லாததால்தான் உயிர் போகும்.

ஆனால் கொள்ளையே நடக்காது என்று சொன்னால் நானும் பொய் சொல்கிறவன் ஆவேன். 1989இல் ஹியூகோ சூறாவளி அடித்தபோது கரீபியன் கடலில் உள்ள செயின்ட் குரோய் தீவில் பெரிய அளவில் கொள்ளை நடந்தது. அதை ஆராய்ந்து எழுதியவரும் குவாரன்டெல்லிதான். வாழ்நாள் முழுக்கத் தான் சொல்லிவந்ததற்கு மாறான இடத்துக்குத் தானே போய்ப் பார்த்து, நடந்ததை நடந்தபடி எழுதினார். புயலுக்கு முன்பே அங்கிருந்த ஏற்றத்தாழ்வு, அழிவின் அளவு, தீவு தனித்துப்போனது என்று பல காரணங்கள் சேர்ந்திருந்தன.

---

அலைமகள்

ஹியூகோ பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன். தனக்கு எதிரான சான்றைத் தானே தேடிப் போனவர் என்றால் மற்றதையும் நம்பத் தோன்றுகிறது. முன்பே கிழிந்திருந்த ஊர் புயலில் இன்னும் கிழிகிறது, அவ்வளவுதான் போல.

---

வெயிலான்

சரி. இவ்வளவும் படித்த பிறகு நடைமுறையில் ஒன்று கேட்கிறேன். எச்சரிக்கையைப் பூசி மெழுகாமல் சொன்னால் மக்கள் ஓடிவிட மாட்டார்களா? 1979இல் அமெரிக்காவின் திரீ மைல் தீவு அணுவுலை விபத்தின்போது, கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் மட்டும் போகலாம் என்று சொன்னதற்கு லட்சத்துக்கும் மேல் ஆட்கள் கிளம்பிவிட்டார்களே?

---

தணல்

சுமார் 1,44,000 பேர் என்பது கணக்கு. ஆனால் அந்த நாட்களில் அவர்களுக்குக் கிடைத்த தகவலைப் பாருங்கள். ஒரு அதிகாரி ஆபத்தில்லை என்றார், இன்னொருவர் சன்னலை மூடு என்றார், மூன்றாமவர் கர்ப்பிணிகள் மட்டும் போங்கள் என்றார். ஐந்து மைலுக்குள் கர்ப்பிணிக்கு ஆபத்து, ஆறாவது மைலில் கணவனுக்கும் பாட்டிக்கும் ஒன்றுமில்லை என்றால் எந்தக் குடும்பம் நம்பும்? குடும்பமாகக் காரில் ஏறிப் போனார்கள். அதைப் பீதி என்று என்னால் சொல்ல முடியாது.

எதிர்ப்பக்கம் பாருங்கள். 2001இல் உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் விமானம் மோதிய பிறகு, தெற்குக் கோபுரத்தில், கட்டடம் பத்திரமாக இருக்கிறது, இடத்துக்குத் திரும்பலாம் என்று அறிவித்தார்கள். சில நிமிடங்களில், 9:03க்கு, அந்தக் கோபுரத்திலும் விமானம் மோதியது. அதே கோபுரத்தில் மார்கன் ஸ்டான்லி நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவர் ரிக் ரெஸ்கோர்லா அந்த அறிவிப்பைப் பொருட்படுத்தாமல் தன் ஆட்களை இறக்கினார். முந்தைய ஆண்டுகளில் அவர்களைச் சலிக்கச் சலிக்கப் படிக்கட்டில் இறக்கிப் பழக்கியிருந்தவர் அவர். அங்கிருந்த ஊழியர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைத்தார்கள். மிச்சம் யாராவது இருக்கிறார்களா என்று மேலே போன அவர் திரும்பவில்லை.

இங்கிலாந்தின் நியூகாசில் சுரங்க ரயில் நிலையத்தில் கிலேன் புரூவும் சைமும் ஒரு சோதனை செய்தார்கள். ஒவ்வொரு முறையும் வேறு விதமாக எச்சரித்தார்கள். மணி மட்டும் அடித்தபோது ஆட்கள் மெத்தனமாக நின்றார்கள். என்ன நடக்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒலிபெருக்கியில் விவரமாகச் சொன்னபோதும், ஊழியர் நேரில் வந்து வழிகாட்டியபோதும் மளமளவென்று கிளம்பினார்கள். உள்ளதைச் சொன்னதால் யாரும் வெறிபிடித்து ஓடவில்லை.

---

மாடிவீடு

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் அலுவலகத்தில் தளப் பொறுப்பாளர் நான். பதிவு செய்து வைத்திருக்கும் அறிவிப்பு இதுதான்: "அன்பான பணியாளர்களே, தயவுசெய்து அமைதி காக்கவும். பதற்றப்பட வேண்டாம். மேலும் அறிவிப்புகளுக்குக் காத்திருக்கவும்." இந்த இழையைப் படித்த பிறகு அதைக் கேட்கவே சங்கடமாக இருக்கிறது. தணல் அண்ணா, எப்படி மாற்றலாம்?

---

தணல்

பதற்றப்படாதே என்று சொன்னால் எந்தத் தகவலும் சேர்வதில்லை, தம்பி. எச்சரிக்கை பற்றி ஆராய்ந்த டென்னிஸ் மிலேட்டி ஐந்து விஷயம் கேட்பார்: யார் சொல்கிறார், என்ன ஆபத்து, எங்கே, என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள். இப்படிப் போட்டுப் பார்:

"தீப் பாதுகாப்பு அறையிலிருந்து பேசுகிறோம். மூன்றாம் தளத்தில் தீப்பிடித்திருக்கிறது. எல்லாத் தளத்தினரும் இப்போதே கிழக்குப் படிக்கட்டு வழியாக இறங்குங்கள். லிஃப்டில் ஏற வேண்டாம். பைகளை விட்டுவிடுங்கள்."

பதிவு செய்த குரலை விட அந்த நேரத்தில் ஒருவர் நேரடியாகப் பேசினால் இன்னும் நல்லது. தளம் எது, படிக்கட்டு எது என்பது அன்றைக்குத்தானே தெரியும்.

---

எண்ணும்எழுத்தும்

கிழக்கு எது என்று உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. உணவறைக்குப் பக்கத்துப் படிக்கட்டு என்கிற மாதிரி தினமும் பார்க்கிற அடையாளத்தைச் சொல்லுங்கள்.

---

நெய்தல்வாசி

அதோடு சைம் சொன்னதையும் சேருங்கள். கணவன் மனைவி இருவரும் வேறு வேறு தளத்தில் வேலை செய்யலாம், நண்பர்களும் அப்படியே. வெளியே எங்கே கூடுவது என்று அறிவிப்பிலேயே சொல்லிவிட்டால், ஆள் தேடி மேலே ஏறுகிறவர்கள் குறைவார்கள். "மற்ற தளங்களிலும் இதே அறிவிப்பு ஒலிக்கிறது, எல்லோரும் வாகன நிறுத்தத்துக்கு வருகிறார்கள்" என்று ஒரு வரி.

---

மாடிவீடு

இரண்டையும் சேர்த்துக்கொண்டேன். எங்கள் தளத்தில் உணவறைப் பக்கத்துப் படிக்கட்டை யாரும் பயன்படுத்துவதே இல்லை, எல்லோரும் லிஃப்ட்தான். அடுத்த டிரில்லுக்கு முன்னால் எல்லோரையும் ஒருமுறை அந்தப் படிக்கட்டு வழியாகக் கூட்டிப்போகச் சொல்லி நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.